பழைய மண்சட்டிய மீன் தொட்டிக்குள்ள வைக்கலாமா? எப்படி கழுவுறது?

கான்விக்ட்_ஜோடி:
எல்லாருக்கும் வணக்கம். எங்கிட்ட 2 அடி டேங்க் இருக்கு, 55 லிட்டர் கிட்ட பிடிக்கும், அதுல ஒரு ஜோடி கான்விக்ட் சிக்லிட் மீன் வளக்குறேன், ஒரு வாரமா ரெண்டும் ஃபில்டர் பின்னாடி மணல தோண்டிக்கிட்டே இருக்கு, முட்டை போட இடம் தேடுதுன்னு நினைக்கிறேன். கடையில விக்கிற பிளாஸ்டிக் கோட்டை எனக்கு பிடிக்கல, மண்பானைதான் வைக்கணும்னு ஆசை. வீட்டுல 3 இருக்கு. ஒண்ணு ஆத்தாவோட மீன்கொழம்பு சட்டி, விளிம்புல விரிசல் விட்டதால அம்மா இப்ப அடுப்புல ஏத்துறதில்ல ஆனா தூக்கிப்போட யாருக்கும் மனசில்ல. இன்னொண்ணு பொங்கலுக்கு வாங்கின சின்ன பானை, வெளிய காவி பூசி சுண்ணாம்பு கோடு போட்டிருக்கு. மூணாவது ரோஜா வச்சிருந்த பூந்தொட்டி. புது சட்டிய பழக்குற மாதிரி கழனித்தண்ணி ஊத்தி 2 நாள் வச்சு எண்ணெய் தடவி எடுன்னு அம்மா சொல்றாங்க. அப்படியே செய்யலாமா? சோப்பு போட்டு கழுவலாமா?

தொட்டி_மாமா:
தம்பி தயவுசெஞ்சு பழக்காதீங்க. அடுப்புக்கு பழக்குறதும் தண்ணிக்கு தயார் பண்றதும் நேர் எதிர். பழக்குறப்ப நாம என்ன பண்றோம், மண்ணுல இருக்குற நுண்ணுன ஓட்டையில கஞ்சியும் எண்ணெயும் ஏறி அடைக்கணும்னுதான பண்றோம், அப்பதான் சட்டி ஒழுகாது அடி பிடிக்காது. டேங்க்ல அதே கஞ்சி கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்து பாக்டீரியா பெருகி தண்ணி பால் மாதிரி கலங்கிடும், எண்ணெய் மேல படலமா நிக்கும், மீன் மேல வந்து வாய பொளந்துட்டு நிக்கும். அதனால ஆத்தா சட்டி வேண்டாம். எத்தன வருஷ கொழம்பு அதுல ஊறியிருக்கு, எண்ணெய் உப்பு புளி எல்லாம் உள்ள இருக்கு, மேல எவ்வளவு தேச்சாலும் போகாது. அத பத்திரமா எடுத்து வைங்க, டேங்குக்கு வேற பாத்துக்கலாம்.

சோப்பு, பாத்திர லிக்விட் எதுவும் தொடவே கூடாது, மண் அதையும் குடிச்சுக்கும். தேங்காநாரும் கல்லுப்பும் போதும், நல்லா தேச்சு வெறும் தண்ணியில அலசுங்க. பூந்தொட்டிய நான் விட்டுடுவேன். உரம் ஏறியிருக்கும், வெளிய வெள்ளையா பூத்திருந்தா அதுதான். ரோஜாவுக்கு மயில்துத்தம் கலந்த மருந்து ஏதாவது அடிச்சிருந்தா இன்னும் மோசம், அதுல இருக்குற செம்பு மீன விட நத்தை இறாலுக்கு சீக்கிரம் விஷமாயிடும்.

மீதி பொங்கல் பானைதான்.

மானாமதுரை_மண்ணு:
மாமா சொன்னது சரி, நான் பானை பத்தி மட்டும் சொல்றேன், எங்க வீட்ல ரெண்டு தலைமுறை சக்கரம் சுத்தினவங்க. முதல்ல பானைய கையில தொங்கவிட்டு விரல் கணுவால தட்டிப் பாருங்க. கணீர்னு கேட்டா நல்லா வெந்திருக்கு. டொப்புன்னு அடைச்ச சத்தம் வந்தா விரிசல் இருக்கு இல்ல சூடு பத்தல, அரைவேக்காட்டுப் பானை தண்ணியில கெடந்தா கொஞ்ச நாள்ல மாவா உதிரும். கடம் செய்யற ஊர் எங்களுது, பானைய சத்தத்துலதான் நம்புவோம்.

அப்புறம் காவி. ஈரத்துணியால அழுத்தி தேய்ங்க, துணியில செவப்பு ஒட்டினா அது சூளைக்கு அப்புறம் பூசினது, முழுசா போற வரைக்கும் தேச்சு எடுக்கணும். போகாம பளபளன்னு வழவழப்பா நின்னா அது பெயிண்ட், இல்லன்னா சூளையில ஏத்தின கண்ணாடி மெருகு, அந்தப் பானை வேண்டாம், சில மெருகுல ஈயம் இருக்கும். சுண்ணாம்பு கோட்டுல ரெண்டு சொட்டு வினிகர் விட்டா நுரைக்கும், அது இருக்குற வரைக்கும் தண்ணியோட பிஹெச் ஏறும், கான்விக்ட் தாங்கிக்கும் ஆனாலும் சுரண்டிடுங்க.

ஆத்தா சட்டிக்கு ஒரு வழி இருக்கு. பக்கத்துல குயவர் யாராவது சூளை போடறப்ப கேட்டு மறுபடி ஒருதரம் சுட்டா உள்ள ஊறின எண்ணெய் எல்லாம் எரிஞ்சு போயிடும். ஆனா விரிசல் இருக்குன்னு சொல்றீங்க, சூளையில ரெண்டா போகவும் வாய்ப்பு இருக்கு, வீட்ல கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

கான்விக்ட்_ஜோடி:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். ஆத்தா சட்டிய சூளைக்கு அனுப்ப அம்மா ஒத்துக்கல, எனக்கும் அதுதான் சரின்னு படுது. பொங்கல் பானை தட்டினா கணீர்னு இருக்கு, காவி துணியில வந்துடுச்சு. இத கொதிக்க வைக்கணுமா?

கொளத்தூர்_ப்ரீடர்:
கட்டாயம் இல்ல ப்ரோ, வைக்கிறதா இருந்தா பச்சத்தண்ணியில பானைய முக்கி சிறுதீயில மெதுவா சூடேத்துங்க, 20 நிமிஷம் போதும், அதே தண்ணியில ஆற விடுங்க. கொதிக்கிற தண்ணிக்குள்ள நேரா போட்டா பட்டுனு விரிசல் விட்டுடும். அதுக்கப்புறம் பக்கெட்ல 5 நாள் ஊறட்டும், தினம் தண்ணி மாத்துங்க. முதல் நாள் குமிழ் குமிழா வரும், மண்ணுக்குள்ள இருக்குற காத்துதான், பயப்பட வேண்டாம். கடைசி 2 நாள் தண்ணி மாத்தாம விட்டு டிடிஎஸ்ஸும் (தண்ணியில கரைஞ்சிருக்குற உப்போட அளவு) பிஹெச்சும் பாருங்க, பானை இல்லாத இன்னொரு பக்கெட்லயும் அதே தண்ணி வச்சு ரெண்டையும் ஒத்துப் பாத்தாதான் பானையால ஏறுச்சா இல்லையான்னு தெரியும்.

வைக்கிறப்ப மணல் மேல வைக்காதீங்க, கான்விக்ட் அடியில தோண்டி சாச்சு கண்ணாடில மோத விட்டுடும். மணல ஒதுக்கிட்டு அடிக்கண்ணாடி மேல படுக்க வச்சு சுத்தி மணல் அணைச்சு விடுங்க, வாய் பக்கம் நீங்க பாக்குற மாதிரி கொஞ்சம் திருப்பி. விளிம்ப தண்ணி தொட்டு உப்புத்தாள்ல தேச்சு மழுக்கிடுங்க. ஓட்டை போடுறதா இருந்தா மீன் தாராளமா போய்வர அளவுக்கு பெருசா போடுங்க, இல்லன்னா போடவே வேண்டாம், அரைகுறையா இருந்தா தலைய விட்டு மாட்டிக்கும்.

கான்விக்ட்_ஜோடி:
16 நாள் ஆச்சு, வந்து சொல்லணும்னு தோணுச்சு. 5 நாள் ஊறப்போட்டேன், ரெண்டு பக்கெட்லயும் பிஹெச் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை உள்ள வச்சேன், முதல் நாள் பெண் மீன் மட்டும் எட்டி எட்டி பாத்துச்சு, நேத்து டார்ச் அடிச்சு பாத்தா பானையோட உள் கூரையில வரிசையா முட்டை ஒட்டியிருக்கு, ஆண் வாசல்ல நின்னு என் விரல தொரத்துது. அம்மாவையும் கூப்பிட்டு காட்டினேன். குஞ்சு பொரிக்க எத்தன நாள் ஆகும்?

கொளத்தூர்_ப்ரீடர்:
சூப்பர் ப்ரோ! 27 டிகிரி கிட்ட இருந்தா 3 நாள்ல பொரிச்சிடும், நீந்தி வெளிய வர அப்புறம் இன்னும் 4, 5 நாள் ஆகும். அதுவரைக்கும் பானைய அசைக்காதீங்க, ஃபில்டர் வாய்ல ஸ்பாஞ்ச் மாட்டிடுங்க.