போர்பந்தர் காந்தி வீட்டுக்குப் போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

குஜராத் போகிறோம், சோமநாதரும் துவாரகையும் அம்மாவின் விருப்பம், நடுவில் போர்பந்தர் மட்டும் என்னுடையது. 1869-ல் காந்தி பிறந்த அந்த மூன்றடுக்கு வீட்டில், பிறந்த இடத்தைத் தரையில் ஸ்வஸ்திக் போட்டுக் காட்டியிருக்கிறார்களே, அதைப் படி ஏறாமல் பார்க்க முடியுமா? மேலே போகும் மரப்படிகள் ரொம்பக் குறுகலாம், செங்குத்தாம், அம்மாவுக்கு மூட்டுவலி. (வேண்டாம் என்றால் கேட்கிற ஆளும் இல்லை!) ஒட்டியே இருக்கும் காந்தி நினைவு மண்டபமான கீர்த்தி மந்திர், பின்பக்கம் கஸ்தூர்பா வீடு, எல்லாம் சேர்த்து அரை நாள் போதுமா? மதியம் பூட்டிவிடுவார்களா? அப்புறம், சோமநாதரிலிருந்து துவாரகைக்குக் காரில் போகிற வழியிலேயே பார்த்துவிடலாமா, இல்லை ஒரு ராத்திரி தங்குவதுதான் நல்லதா? சமீபத்தில் போனவர்கள் சொன்னால் அதை வைத்து அறை போடுவேன்.