ஸ்கேன் செய்த பத்திரங்களுக்கு எப்படிப் பெயர் வைப்பது? தேடி எடுக்க முடியவில்லை

திருமங்கலத்து எழுத்தர்:
வணக்கம். பத்திரம் எழுதும் அலுவலகத்தில் வேலை. கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா நகல் எல்லாம் கணினியில் 'ஸ்கேன்0043', 'பெரியவர் நிலம் புதுசு', 'பெரியவர் நிலம் கடைசி' என்று கிடக்கின்றன. பார்ட்டி வந்து உட்கார்ந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. சர்வே எண்ணையே பெயராக வைக்கலாம் என்றால் 112/3பி என்பதை விண்டோஸ் ஏற்கவில்லை. என்ன செய்யலாம்?

மேலூர் வாசி:
சாய்கோடு கோப்புப் பெயரில் வராது தம்பி. 112-3பி என்று போடுங்கள்.

ஆனால் சர்வே எண்ணை நம்பி முதலில் வைக்காதீர்கள். உட்பிரிவு ஆனால் அது மாறிவிடும். பதிவான ஆவண எண் மாறாது. அது மட்டும் போதுமா என்றால் போதாது. ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலகத்திலும் ஆண்டுக்கு ஆண்டு எண் புதிதாகத் தொடங்கும். 1482 திருமங்கலத்திலும் இருக்கும், மேலூரிலும் இருக்கும். அங்கே புத்தகம் என்பது பதிவேடு: கிரயம் 1 புத்தகம், பழைய பொது அதிகாரம் (பவர் பத்திரம்) 4 புத்தகம். இரண்டிலும் அதே எண் வரலாம். அதனால் இப்படி:

2016_திருமங்கலம்_பு1_01482_கிரயம்_112-3பி

எண்ணுக்கு முன் சைபர் சேர்த்து ஐந்து இலக்கமாக்கினால் எந்த மென்பொருளிலும் 982க்குப் பிறகுதான் 1482 வரும்.

திருமங்கலத்து எழுத்தர்:
நன்றிண்ணே. வில்லங்கம் அடிக்கடி புதிதாக எடுக்கிறோமே, அதற்கு? பார்ட்டி பெயர் வேண்டாமா?

மேலூர் வாசி:
பத்திரத்தின் பெயரில் ஆவண எண் வரைக்கும் அப்படியே எடுத்து, கடைசியில் _வில்லங்கம்_2024-06-11 என்று சேருங்கள். ஆண்டு, மாதம், நாள் இந்த வரிசைதான். நாளை முன்னால் வைத்தால் வரிசை குலையும். ஸ்கேன் செய்த தேதி வேண்டாம், சான்றில் உள்ள தேதியைப் போடுங்கள். அப்புறம் 'புதுசு', 'கடைசி' எதுவும் தேவைப்படாது. பார்ட்டி பெயர் வேண்டாம், நிலம் கை மாறும்.

ஒத்தக்கடை:
ஒன்று சேர்க்கிறேன். விண்டோஸில் ஃபோல்டர் பெயர்களும் சேர்த்து வழக்கமாக 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும். 'திருமங்கலம்' நமக்கு ஏழு எழுத்து. கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி என்பதால் கணினிக்குப் பதினொன்று. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைத்து நகல் எடுக்கும்போது இதுதான் இடிக்கும். ஊருக்கு ஒரு சுருக்கம் வையுங்கள். அந்தப் பட்டியலைத் தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். அலுவலகத்தில் ஆளுக்கொரு சுருக்கம் போட்டால் மறுபடியும் பழைய கதைதான்.

திருமங்கலத்து எழுத்தர்:
பழைய கோப்புகளை எல்லாம் உட்கார்ந்து மாற்ற வேண்டுமா?

மேலூர் வாசி:
வேண்டாம். புதிதாக வருவதற்கு இன்றே தொடங்குங்கள். பழையதில் யாராவது கேட்டு எடுக்கும்போது அதற்கு மட்டும் பெயர் மாற்றுங்கள்.

திருமங்கலத்து எழுத்தர்:
இன்று வந்த பத்திரம்: 2005_திமங்_பு4_00217_பொதுஅதிகாரம். சரியாண்ணே?

மேலூர் வாசி:
சரி. அந்தப் பொது அதிகாரத்தை வைத்துக் கிரயம் நடந்திருந்தால், கிரயக் கோப்பின் பெயர் கடைசியில் பு4-00217-2005 என்றும் சேர்த்துவிடுங்கள்.