வீட்டு முன்னறையில் எதைப் போடுவது: தொடரா, படமா, பழைய சாகச விளையாட்டா?

உவர்மலையான்:
பள்ளிக்கூட விடுமுறை. இரவானால் எங்கள் வீட்டில் தமிழகத் தொடர்தான். மருமகளின் பாலில் மாமியார் எதையோ கலக்கப் போகிறார். இந்த வாரம் முழுக்கக் கலக்கிக்கொண்டே இருக்கிறார். பொறுக்க முடியாமல் மடிக்கணினியைத் தொலைக்காட்சியில் இணைத்து, 1990இல் வந்த மங்கி ஐலண்ட் விளையாட்டைப் போட்டேன். கடற்கொள்ளையனாக ஆசைப்படும் ஒரு பையனின் கதை. அதில் வாள்சண்டைக்குக் கைவேகம் வேண்டாம். எதிராளி வைகிற வசவுக்குப் பொருத்தமான பதில் வசவைத் தெரிந்தெடுத்தால் வெற்றி. மகள் தமிழில் சொல்லச் சொல்ல, அம்மம்மா பதிலைச் சரியாகப் பிடித்தார். ஆகவே என் கட்சி இதுதான்: வீட்டார் கூடியிருந்து பார்க்கத் தொடரையும் படத்தையும் விடப் பழைய சாகச விளையாட்டே மேல். மறுப்பவர்கள் வரலாம்.

பாலையூற்று அக்கா:
மறுக்கிறேன். விளையாடுவது ஒருவர், மற்றவர்கள் வாய் பார்க்கிறார்கள். அதே விளையாட்டில், நடுவில் கப்பி பொருத்திய இறப்பர்க் கோழியைக் கம்பியில் மாட்டிச் சறுக்கினால்தான் எதிரே உள்ள தீவுக்குப் போகலாம். இது எந்த மனிதருக்குத் தோன்றும்? தோன்றும் வரை வீடு முழுவதும் காத்துக் கிடக்க வேண்டும். தொடரில் அந்தத் தண்டனை இல்லை. குசினிக்குப் போய்ப் புட்டை இறக்கி வைத்துவிட்டு வந்தாலும் கதை விட்ட இடத்திலேயே நிற்கும். நீங்கள் அதைக் குறை என்கிறீர்கள். அடுப்படியில் நிற்பவருக்கு அதுதான் வசதி.

அலஸ்தோட்டம்:
அக்கா, வாய் பார்ப்பதில் உள்ள சுகம் உங்களுக்குத் தெரியவில்லை. 1989இல் வந்த பிரின்ஸ் ஒவ் பெர்சியா விளையாட்டு எங்கள் கணினி வகுப்புக்குப் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. ஆசிரியர் வெளியே போனதும் ஒருவன் விசைப்பலகையில், மற்றவர்கள் அவன் தோளுக்குப் பின்னால். இளவரசியை மீட்க 60 நிமிடம், அதற்குமேல் ஒரு நொடி இல்லை. அதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் வைத்து, வீடியோவில் பிடித்து, அந்த அசைவுகளைப் பார்த்தே வரைந்தார். அதனால்தான் இளவரசன் விளிம்பில் தொங்கும்போது உடம்பின் பாரம் தெரிகிறது. தரையிலிருந்து கூர்முள் எழும்பும் இடத்தில் எல்லோரும் சேர்ந்து கத்துவோம். 2010இல் அதைப் படமாக்கினார்கள். அந்தக் கடிகாரம் தந்த பதற்றம் படத்தில் எங்கே?

கன்னியா:
திருத்தம். 2010 படத்துக்கு அடிப்படை அதே வரிசையில் 2003இல் வந்த விளையாட்டு. காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் கத்திதான் அதன் உயிர். அதில் 60 நிமிடக் கடிகாரத்தைத் தேடுவது வீண்.

உவர்மலையானுக்கும் ஒன்று. ஒரு நல்ல விளையாட்டைக் காட்டி அந்த வகை முழுவதையும் புகழ்கிறீர்கள். அதே 1990இல் வந்த கிங்ஸ் குவெஸ்ட் ஐந்தாம் பாகத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். ஒரு பூனை எலியைத் துரத்திக்கொண்டு ஓடும். கண்மூடித் திறப்பதற்குள் பழைய சப்பாத்தை எடுத்து அதன்மேல் எறியாவிட்டால், பிறகு நிலவறையில் கட்டுண்டு கிடக்கும்போது கயிற்றைக் கடித்து விடுவிக்க எலி வராது. எங்கே பிழைத்தது என்று விளையாட்டு வாய் திறக்காது. பழையபடி முதலிலிருந்து. மங்கி ஐலண்டை அமைத்த ரொன் கில்பர்ட், அப்படி ஆளை முடக்கிப் போடக்கூடாது என்று எண்ணித்தான் தன் விளையாட்டை வேறுவிதமாகச் செய்தார்.

அலஸ்தோட்டம்:
1989 இல்லாமல் 2003 எங்கிருந்து வந்தது?

கோட்டைவாசல்:
தம்பிமாரே, சாகசத்துக்குப் பாரசீகம் வரை ஏன் போகிறீர்கள்? 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் நம் திருகோணமலையில், கோணேசர் மலையடியில் சுழியோடினார்கள். போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கற்களைக் கடலுக்குள் பார்த்தார்கள். அதே வில்சன் 1962இல் ரன்முத்து தூவ என்ற சிங்களப் படத்தை எடுத்தார். இலங்கையின் முதல் முழுநீள வண்ணப்படம். காமினி பொன்சேகா நடித்தது. கடலடிப் புதையல் கதை. வீட்டில் அதைப் போட்டேன். பேரப்பிள்ளைகளுக்குச் சிங்களம் அரைகுறை. ஆனால் தண்ணீருக்கு அடியில் காட்சி வந்ததும், இது கோட்டைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஒரே சண்டை.

பாலையூற்று அக்கா:
ஐயா என் கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டார். படம் தன் பாட்டில் ஓடியது. கைக்கு வேலை இல்லை. அதனால் பிள்ளைகள் கடலைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள். விசைப்பலகை நடுவில் இருந்திருந்தால் அது யாருடைய முறை என்ற சண்டையாகத்தான் இருந்திருக்கும்.

உவர்மலையான்:
முறைச் சண்டையே இல்லாத விளையாட்டும் இருக்கிறது அக்கா. 1993இல் மில்லர் சகோதரர்கள் செய்த மிஸ்ட். ஆளில்லாத் தீவு, துரத்துவாரும் இல்லை, அவசரமும் இல்லை. எங்கள் வீட்டில் சுட்டி என்னிடம், கொப்பியும் பென்சிலும் மனைவியிடம். அங்கே ஒரு விண்கலத்துக்குள் இசைப்பலகை உண்டு. அதன் சுரங்களை நினைவில் வைத்து, எதிரே உள்ள நெம்புகோல்களை அதே சுரத்துக்கு நகர்த்த வேண்டும். எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகக் கேட்டது. சங்கீதம் படிக்கும் மகள் கண்ணை மூடிக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் மேலே அப்பா, கொஞ்சம் மேலே” என்றாள். எந்தத் தொடர் என் பிள்ளையின் காதைக் கேட்டது?

கன்னியா:
அதற்கு நன்றி சொல்ல வேண்டியது சங்கீத ஆசிரியருக்கு. தவிர, இன்று எந்தப் புதிருக்கும் விடை கைபேசியில் கிடக்கிறது. பக்கத்து அறையில் ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு வந்தால் உங்கள் கொப்பியும் பென்சிலும் எதற்கு?

அலஸ்தோட்டம்:
விடை பார்த்தவனை எங்கள் வகுப்பில் கணினிக்குக் கிட்டவும் விடமாட்டோம்.

பாலையூற்று அக்கா:
இதைத்தான் நானும் சொல்கிறேன். யாரை விடுவது, யாரை விடக்கூடாது என்று சட்டம் போட வேண்டியிருக்கிறது. தொலைக்காட்சிக்கு அது வேண்டாம்.

அலஸ்தோட்டம்:
உங்கள் வீட்டில் ரிமோட் யார் கையில் அக்கா?

பாலையூற்று அக்கா:
என் கையில்தான். அதனால்தான் சட்டம் தேவைப்படவில்லை.