லூட்டன் வீட்டை "ஏழே நாளில் வாங்குகிறோம்" கம்பெனிக்கு விற்கலாமா?

கோவை_திரும்பி கேட்கிறார்:

இங்கிலாந்தில் லூட்டனில் மூன்று படுக்கையறை டெரஸ் வீடு (வரிசையாக ஒட்டிக் கட்டியது), ஃப்ரீஹோல்ட், அதாவது நிலமும் சொந்தம். பத்து வாரத்தில் குடும்பத்தோடு கோவைக்குத் திரும்புகிறோம், டிக்கெட் போட்டாகிவிட்டது. வந்து பார்த்த மூன்று ஏஜென்ட்களும் 300,000 பவுண்டு போகும் என்கிறார்கள். மோர்ட்கேஜ் பாக்கி 171,000. ஃபிக்ஸட் ரேட் ஏப்ரலில் முடிகிறது, அதற்கு முன் அடைத்தால் 2 சதவீதம் அபராதம். உடனே பணம் தரும் கம்பெனி ஒன்று போனில் 246,000 சொல்கிறது. ஏஜென்ட் கமிஷன் இல்லை, வக்கீல் செலவும் அவர்களே தருகிறார்களாம். கொடுத்துவிடலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை:

முதலில் கணக்கு. ஏஜென்ட் மூலம் விலையை 5 சதவீதம் இறக்கி 285,000க்கு விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கமிஷன் 1.2 சதவீதம், வாட் சேர்த்து 4,104. நீங்கள் போன பிறகு வீடு ஆறு மாதம் காலியாகக் கிடந்தால் மோர்ட்கேஜ் தவணை, கவுன்சில் டாக்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து மாதம் 1,350 என்றாலும் 8,100தான். மிச்சம் 272,796. வக்கீல் செலவைக் கழித்தாலும் கம்பெனி சொல்லும் தொகையைவிட ஏறக்குறைய 25,000 பவுண்டு கூடுதல். விற்பனை ஏப்ரலைத் தாண்டினால் அபராதம் 3,420உம் மிச்சம்.

கம்பெனி ஏன் இவ்வளவு குறைக்கிறது என்று கேட்கலாம். 246,000க்கு அவர்கள் வாங்கினால் ஸ்டாம்ப் டியூட்டி சாதாரணமாக 2,420. அதன் மேல் கம்பெனி என்பதால் 5 சதவீதக் கூடுதல் வரி 12,300. ஆக 14,720 அரசுக்கே போகிறது. திரும்ப விற்கிற செலவும் லாபமும் அதற்கு மேல். இந்தத் தொழிலில் சந்தை விலையில் 75 முதல் 90 சதவீதம்தான் கிடைக்கும். உங்களுக்குச் சொன்ன 82 நியாயமான எண்தான், அது கடைசிவரை நின்றால்.

வெம்பிளி_அக்கா:

தம்பி, அந்தக் கடைசி வசனத்திலதான் விசயம் இருக்கு. போனில சொல்லுற விலை வெறும் வாய்ப்பேச்சு. இங்கிலாந்தில கொன்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச், அதாவது ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் கைமாறுறது, ஆகுமட்டும் ஆரும் ஒரு சதம் கட்டாமல் விலகலாம், விலையையும் குறைக்கலாம். நடக்கிற விதம் இதுதான். ஓஃபர் வந்த உடன நீங்கள் ஏஜென்டை நிப்பாட்டுவீங்கள். மூண்டாம் கிழமை சர்வேயர் வந்து ஈரமானியைச் சுவரில வைச்சுப் பாப்பார். எக்ஸ்சேஞ்சுக்கு முதல் நாள் பின்னேரம், "பின்சுவரில ஈரம் இருக்கு, கூரையில வேலை இருக்கு, 228,000 எண்டால்தான் ஏலும்" எண்டு போன் வரும். அப்ப உங்கட சாமான் எல்லாம் பெட்டியில கட்டியிருக்கும். 2013 இல, அப்ப வியாபாரங்களைக் கண்காணிச்ச அரசு அமைப்பான ஓஃபிஸ் ஒஃப் ஃபெயார் ட்ரேடிங் இந்தத் துறையைப் பற்றி விட்ட அறிக்கையிலயும் இந்தக் கடைசி நேரக் குறைப்பு முக்கியமான குறையாச் சொல்லப்பட்டிருக்கு.

அதால சர்வே முதல் கிழமையே முடியவேணும் எண்டு கேளுங்கோ. சர்வே முடிஞ்ச பிறகு வாற விலையை எழுத்தில வாங்குங்கோ. அதுவரைக்கும் ஏஜென்டை நிப்பாட்டாதேங்கோ.

சொலிசிட்டர் நீங்கள் பிடிச்சவரா இருக்கவேணும். செலவை அவை தந்தாலும் பரவாயில்லை, ஆள் உங்கட ஆள். அவை காட்டுற ஆளிட்டைப் போனால் ஒரு நாளைக்குப் பத்து ஃபைல் அந்தக் கொம்பனியிட்ட இருந்தே வாற ஆளா இருப்பார்.

கோவை_திரும்பி:

நன்றி அக்கா. இன்று ஒரு அக்ரிமென்ட் அனுப்பியிருக்கிறார்கள். "1 பவுண்டு பெற்றுக்கொண்டு, 6 மாதத்துக்குள் இந்த விலைக்கு வாங்கும் உரிமையைத் தருகிறேன்" என்று இருக்கிறது. கையெழுத்துப் போட்டால்தான் சர்வேயரை அனுப்புவார்களாம். கையில் முழுப் பணமும் இருக்கிறது என்கிறார்கள்.

பத்திரம்_படிப்பவன்:

போடாதீர்கள். அது ஆப்ஷன் அக்ரிமென்ட். வாங்கும் உரிமை அவர்களுக்கு, வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை. கட்டாயம் முழுக்க உங்களுக்கு. அதை வைத்து அவர்கள் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் (சொத்துப் பதிவு அலுவலகம்) யூஎன்1 படிவம் போட்டால் உங்கள் டைட்டிலில், அதாவது உரிமைப் பதிவில், ஒரு நோட்டீஸ் ஏறிவிடும். பிறகு வேறு யார் வாங்க வந்தாலும் அவருடைய வக்கீல் முதலில் அதை நீக்கச் சொல்வார். நீக்க மாதக்கணக்காகும், நீங்கள் அதற்குள் கோவையில் இருப்பீர்கள். பெரும்பாலும் இப்படிக் கேட்பவரிடம் பணம் இருக்காது. உங்கள் வீட்டை 246,000க்குப் பிடித்து 275,000க்கு இன்னொருவரிடம் தள்ளிவிட்டு நடுவில் நிற்பவராக இருப்பார்.

பணம் இருக்கிறதா என்று சோதிப்பது எளிது. கம்பெனிகளைப் பதியும் அரசு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் கம்பெனி எண்ணைப் போடுங்கள், இலவசம். கடைசிக் கணக்கில் ரொக்கம் எவ்வளவு என்று பாருங்கள். பக்கத்திலேயே "சார்ஜஸ்" என்ற அடமானப் பட்டியல் இருக்கும். வாங்கிய ஒவ்வொரு வீட்டின் மேலும் ஒரு கடன் நிறுவனத்தின் பெயர் இருந்தால், அது சொந்தக் காசு இல்லை, பெரும்பாலும் பிரிட்ஜிங் லோன் என்ற குறுகிய காலக் கடன். அந்தக் கடன்காரரின் மதிப்பீட்டாளர் குறைத்துச் சொன்னால் உங்கள் விலையும் குறையும். பணத்துக்கான ஆதாரத்தை அவர்களுடைய வக்கீல் உங்கள் வக்கீலுக்கு எழுத்தில் தரட்டும். மொபைலில் காட்டும் பேங்க் ஸ்கிரீன் செல்லாது.

இன்னொன்று. எஸ்டேட் ஏஜென்ட் ஒரு குறைதீர்ப்புத் திட்டத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். தனக்காகவே வீடு வாங்கும் கம்பெனிக்கு அந்தச் சட்டம் இல்லை. நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ப்ராப்பர்ட்டி பையர்ஸ் உறுப்பினராகவும் ப்ராப்பர்ட்டி ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்புத் திட்டத்தில் பதிந்தவராகவும் இருந்தால் புகார் சொல்ல ஓர் இடமாவது உண்டு. லோகோவை நம்பாமல் அந்த இரண்டு தளத்திலும் பெயரைத் தேடிப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:

பத்து வாரம்தான் கெடு என்றால் ஏலத்தை யோசியுங்கள். பழைய முறை ஏலம். சுத்தியல் விழுந்த நொடியே எக்ஸ்சேஞ்ச் ஆகிவிடும், வாங்குபவர் அன்றே 10 சதவீதம் கட்டுவார், பொதுவாக 28 நாளில் முடிந்துவிடும். அதன் பிறகு விலை குறைக்க வழியே இல்லை. ரிசர்வ் விலையை நீங்களே சொல்லலாம், அதற்குக் கீழே போகாது. 255,000 வைத்தாலும் கம்பெனியைவிட மேல், ஏலக்காரர் கமிஷன் எவ்வளவு என்று மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். லீகல் பேக், அதாவது ஏலத்துக்கு முன் வாங்குபவர்கள் பார்க்கும் பத்திரக் கட்டு, தயாராக வேண்டும் என்பதால் இந்த வாரமே வக்கீலிடம் போங்கள். "மாடர்ன் மெதட்" ஏலம் வேறு. அதில் சுத்தியல் விழுந்தாலும் எக்ஸ்சேஞ்ச் ஆகாது, 28 நாளில் எக்ஸ்சேஞ்ச், இன்னொரு 28 நாளில் முடிவு, ஆக 56 நாள். உங்களுக்கு அது ஒத்துவராது.

வெம்பிளி_அக்கா:

ஏஜென்டிட்டை விட்டுட்டுப் போறதெண்டாலும் பயப்பிடத் தேவையில்லை. டிஆர்1 எண்ட கைமாற்றுப் பத்திரத்தைப் போறதுக்கு முதல் சாட்சி வைச்சுக் கையெழுத்துப் போட்டு, திகதி போடாமல் சொலிசிட்டரிட்டைக் குடுத்திட்டுப் போகலாம். அதுக்குள்ள வாங்கிற ஆள் கிடைக்காட்டி பவர் ஒஃப் அட்டர்னி எழுதிக் குடுங்கோ. உங்கட ஐடியையும் நேரிலயே காட்டிப்போடுங்கோ.

வீடு காலியாக் கிடக்கும் எண்டு இன்ஷூரன்ஸ்காரருக்குச் சொல்லுங்கோ, கனக்க பொலிசி 30 நாளுக்கு மேல காலியா இருந்தால் தண்ணிக் குழாய் வெடிச்சதுக்குக் காசு தராது. மெயின் தண்ணியை மூடி, குழாய் எல்லாத்தையும் திறந்து வடிய விடுங்கோ. ஆளில்லாத வீட்டைக் கள்ளக் கையெழுத்தில விக்கிறதும் நடக்குது, அதால லேண்ட் ரெஜிஸ்ட்ரியிட்ட ஆர்கியூ படிவம் போடுங்கோ, விக்கிறது சொந்தக்காரர்தான் எண்டு சொலிசிட்டர் உறுதிப்படுத்தாமல் வீடு கைமாறாது. சொந்தக்காரர் அங்க இருக்காத வீட்டுக்கு அது காசில்லாமல் செய்யலாம். விக்கேக்க உங்கட சொலிசிட்டர் ஆளை உறுதிப்படுத்தினால் சரி.