'தி பிக் ஷார்ட்' தமிழ் சப்டைட்டில்: இரண்டு சொற்களுக்கு உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. 2008 நிதி நெருக்கடியைப் பற்றிய 'தி பிக் ஷார்ட்' (2015) படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் தயாராகிறது. பங்குச்சந்தை, வங்கித் துறையில் இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்.

முதலாவது சி.டி.எஸ். (credit default swap), அதாவது பிரீமியம் கட்டி வந்தால், ஒரு கடன் பத்திரம் மூழ்கும்போது இழப்பீடு தரும் ஒப்பந்தம். 'காப்பீடு' என்று போட்டால் பிரீமியம் கட்டும் விஷயம் சட்டென்று விளங்கிவிடும். ஆனால் காப்பீடு என்றால் பொருள் நம்முடையதாக இருக்க வேண்டும். படத்தில் வரும் நிதி மேலாளர் மைக்கேல் பரி தன்னிடம் இல்லாத வீட்டுக்கடன் பத்திரங்களுக்கு அல்லவா இதை வாங்குகிறார்? பக்கத்து வீட்டுக்கு நாம் தீக்காப்பீடு எடுத்த மாதிரி. பத்திரம் மூழ்கும்வரை பிரீமியம் போய்க்கொண்டே இருக்கும். அவருடைய முதலீட்டாளர்கள் கொதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். 'ஷார்ட் போறார்' என்றாலும் சிக்கல்தான். பங்கில் ஷார்ட் என்றால் கையில் இல்லாததை விற்பது, இங்கே அவர் ஒப்பந்தத்தை வாங்குகிறார்.

அடுத்தது சிந்தெடிக் சி.டி.ஓ. சி.டி.ஓ. (collateralized debt obligation) என்றால் பல கடன் பத்திரங்களை ஒன்றாகச் சேர்த்து விற்கும் புதிய பத்திரம். சாதாரண சி.டி.ஓ.வை, விற்காத மீனைக் குழம்பில் போடும் காட்சியே புரியவைத்துவிடும். ஜெங்கா கட்டைக் காட்சியில், பத்திரத்தை ஆபத்தின் அளவுப்படி பிரித்த பகுதியான டிரான்ச்சுக்கு 'அடுக்கு' அழகாகப் பொருந்துகிறது. சிந்தெடிக்கில் மட்டும் உள்ளே கடன் பத்திரமே இல்லை, சி.டி.எஸ். ஒப்பந்தங்கள்தான். 'செயற்கை' என்றால் போலி என்று படித்துவிடுவார்கள். 'நிழல் சி.டி.ஓ.' சரிவருமா?

வரிக்கு 42 குறியீடு, அதிகபட்சம் 2 வரி. புள்ளி, கொம்பையும் தனியாக எண்ணும் மென்பொருளில் 'கடன்பத்திரம்' 8 எழுத்தல்ல, 12. அதனால் அடைப்புக்குறி விளக்கத்துக்கு இடமில்லை. ஓரிரு சொல்லில் முடிய வேண்டும்.