பரிசாக வந்த விதையைக் கைமாற்றலாமா?

கேள்வி: தேவகோட்டை ஆச்சி ஒருவர் குட்டைச் சுரை விதை கொடுத்தாங்க. காரைக்குடியில் ஒருத்தர் அதைக் கேட்கிறார், பதிலுக்கு வெண்டை தர்றாராம். கொடுக்கலாமா?

பதில் 1: வாங்கிய விதையை அப்படியே தள்ளிவிடாதீங்க. ஆடிப்பட்டத்தில் போட்டு, நீங்க எடுத்த விதையைக் கொடுங்க. அதுக்கும் ஆச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுடுங்க. பக்கத்து வீட்டில் வேறு சுரை இருந்தா மகரந்தம் கலந்துடும்; குட்டைன்னு கொடுத்தது நீட்டமா காய்ச்சா பேரு கெடுறது ஆச்சிக்கு. சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும். கலக்காம இருக்க, விரியுறதுக்கு முன்னாடியே ஆண் மொட்டு, பெண் மொட்டு ரெண்டையும் நூலால் கட்டுங்க. இருட்டுற நேரம் அவிழ்த்து மகரந்தத்தைத் தடவி, பெண் பூவைத் திரும்பக் கட்டி, காம்பில் கலர் நூல் சுத்துங்க. அந்தக் காயைக் கொடியிலேயே ஓடு இறுகக் காயவிடணும்.

பதில் 2: உறையில் ரகம், ஊர், எடுத்த மாசம், யார் கொடுத்தது எல்லாம் எழுதுங்க. சுரைன்னா 10 விதை கொடுத்தா போதும். கடை ஹைப்ரிடில் எடுத்ததை நாட்டு விதைன்னு கொடுக்கிறது அநியாயம். ஈரத்துணியில் 10 போட்டுப் பாருங்க. பாதிதான் முளைச்சா அதையும் சொல்லிடுங்க.

பதில் 3: வெண்டையும் பூச்சியால் கலக்கும். அவர் எப்படி எடுத்தார்னு கேட்டுட்டு வாங்குங்க. தபால் செலவு கேட்டவருடையது.