கதையில் டிரைவர் மாமாவைக் கொல்லலாமா, வேண்டாமா?

தங்கச்சிமடம்_தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். ராமேஸ்வரம் விசைப்படகு ஒன்றை வைத்து ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். படகில் ஐந்து பேர், அதில் டிரைவர் மாமாதான் படிக்கிற எல்லோருக்கும் பிடித்த ஆள். கார்த்திகை மாதம், வாடைக்காற்று, வடகடலில் ஒரு இரவு. அந்த இரவில் அவர் சாக வேண்டும் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்து வைத்திருந்தேன். இப்போது அந்த அத்தியாயம் வந்துவிட்டது, கை ஓடவில்லை.

"மாமாவுக்கு மட்டும் ஒண்ணும் ஆகிடக் கூடாது" என்று இப்போதே எழுதுகிறார்கள், அது ஒரு பக்கம். பெரிய பயம் வேறு. ராமேஸ்வரம் மீனவர் என்று யார் கதை எழுதினாலும் கடைசியில் ஒருவர் கடலில் செத்துத்தான் ஆகிறார், வெளியூர்க்காரர்கள் படித்து உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். நானும் அதையே எழுதவா? யாருமே சாகாத கடல் கதை எழுதினால் எங்கள் தெருவிலேயே நம்ப மாட்டார்கள் என்பதும் உண்மை.

இன்னொன்று, என் கூட்டாளி இதே கதையை ஒரு சின்ன கேமாகச் செய்கிறான். ஆடுகிறவர் எடுக்கும் முடிவைப் பொறுத்து யார் சாவது என்று மாற வேண்டும் என்கிறான். எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று அவனிடம் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தேவிபட்டினம்_நாடகப்பிரியன்:

தம்பி, அவர் செத்த மறுநாள் காலையில் யார் யாருக்கு என்னென்ன வேலை விழும் என்று முதலில் எழுதிப் பாருங்கள். நம் பக்கத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் அரிச்சந்திரா நாடகம் பார்த்திருப்பீர்கள். லோகிதாசனைப் பாம்பு கடிப்பது சட்டென்று முடிந்துவிடும். அதற்கு அப்புறம் வரும் மயான காண்டத்துக்குத்தான் சனம் தூங்காமல் உட்கார்ந்திருக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் சந்திரமதியைச் சுடுகாட்டுக் காவல்காரன் மறித்துக் கால் பணம் கொடு, முழத்துண்டு கொடு, வாய்க்கரிசி கொடு என்று கேட்கிறான், கேட்கிறவன் அவள் புருஷன். கடைசியில் பிள்ளை எழுந்துவிடும் என்று பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும், தெரிந்தும் அழுகிறார்கள். செத்த பிள்ளையை எரிக்கக்கூடக் கையில் காசில்லாமல் நிற்கிறாளே என்றுதான் அழுகிறார்கள்.

உங்கள் மாமா போனால் வியாபாரியிடம் வாங்கின முன்பணத்தை யார் அடைப்பது? கடலுக்குப் போக மீன்துறை அடுத்த டோக்கன் கொடுக்கும் அன்றைக்கு யார் ஸ்டியரிங் பிடிப்பது, மற்ற நாலு பேரும் அவனை நம்பி ஏறுவார்களா? இதற்கெல்லாம் கதையில் இடம் இருந்தால் தாராளமாகக் கொல்லுங்கள். அழ வைக்க வேண்டும் என்பது மட்டும்தான் காரணம் என்றால் அவரை விட்டுவிடுங்கள்.

தொண்டி_கேமர்:

நான் கேம் பற்றி மட்டும் சொல்கிறேன். 1990-ல் வந்த முதல் ஃபயர் எம்ப்ளம் கேமிலேயே சண்டையில் செத்தவர் செத்தவர்தான், திரும்ப மாட்டார். ஆனால் ஆடுகிறவர்கள் என்ன செய்தார்கள்? பிடித்த ஆள் செத்ததும் ரீசெட் அமுக்கி அந்தச் சண்டையை முதலிலிருந்து ஆடினார்கள். 2010-ல் வந்த பாகத்தில், செத்தவர் அடுத்த சண்டைக்கு வந்துவிடும்படி ஒரு முறையைத் தயாரித்தவர்களே சேர்த்துவிட்டார்கள், வேண்டியவர் அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஆக, தற்செயலாக வரும் சாவு பெரும்பாலும் எரிச்சலைத்தான் கிளப்புகிறது, துக்கம் வருவதில்லை.

1997-ல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நம் அணியில் வரும் ஏரித் என்ற பெண் சாவதை ஆடுகிறவரால் தடுக்கவே முடியாது, எந்தத் தேர்வும் கிடையாது. அவளைச் சண்டைக்குக் கூட்டிப்போய், லெவல் ஏற்றி, காயம் ஆற்றும் வேலையை அவளிடமே விட்டிருந்தவர்களுக்கு அடுத்த சண்டையில் ஆள் குறைவது நேரடியாகத் தெரியும்.

உங்கள் கூட்டாளியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்: கேமின் முதல் பாதி முழுக்கக் காற்றைப் பார்த்துச் சொல்வது மாமாவாக இருக்கட்டும். "வாடை ஏறுது, வலையை இழுங்கடா" என்று அவர் குரல் வந்தால்தான் ஆடுகிறவருக்குத் தெரிய வேண்டும். அந்த இரவுக்கு அப்புறம் காற்று அதேபோல் மாறும், குரல் வராது. படகில் கட்டியிருக்கும் கொடியையும் அலையையும் ஆடுகிறவரே பார்த்துப் பழகிக்கொள்ளட்டும். யார் சாவது என்பதைத் தேர்வாக வைத்தால் இவனால் பிரயோஜனம் கம்மி, இவன் போகட்டும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். ஒரே படகில் போகிற ஐந்து பேரை அப்படிப் பார்க்கக் கூடாது என்பதுதான் உங்களுக்கு மனசு ஒப்பாததற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

மண்டபம்_கரை:

சாவே எதற்கு? படகு பிடிபட்டு மாமா இலங்கைச் சிறையில் இருக்கட்டும். ஆள் விடுதலையாகி வந்தும் படகு வந்து சேராத வீடுகள் இங்கே எத்தனையோ உண்டு.

கீழக்கரை_காக்கா:

படிக்கிறவர் கேட்கிறார் என்று முடிவை மாற்றாதீர்கள் தம்பி. ஆர்தர் கானன் டாயில் 1893-ல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் விழவைத்து முடித்தார். வாசகர்கள் கொதித்துப் போனார்கள். கடைசியில் 1903-ல் ஹோம்ஸ் அன்றைக்குச் சாகவே இல்லை என்று அவரே எழுதித் திரும்பக் கொண்டுவந்தார். உடல் கிடைக்காதபடி முதலிலேயே எழுதியிருந்ததால் அது சாத்தியமாயிற்று. அதனால் என் யோசனை, கொல்வதென்றால் உடலைக் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இல்லாவிட்டால் படிக்கிறவர் கடைசி வரி வரைக்கும் "எப்படியும் வந்துடுவாரு" என்றே காத்திருப்பார், நீங்கள் எழுதும் வேறு எதுவும் மனசில் ஏறாது.

பாம்பன்_மகள்:

காக்கா, கோவிச்சுக்காதீங்க, அந்த இடத்தில் நான் ஒத்துப்போக மாட்டேன். அப்படிக் காத்திருப்பதைத்தான் எழுத வேண்டும். எங்கள் சொந்தத்தில் ஒருவர் வத்தையில், அதாவது சின்ன நாட்டுப்படகில், போனார், வத்தை மட்டும் கிடைத்தது. அவர் மனைவி, எங்கள் சித்தி, பங்குச்சாமியிடம் இறந்தவருக்கான பூசை கேட்பதா, திரும்பி வருவதற்கான பூசை கேட்பதா என்று தெரியாமல் கோவில் வாசல் வரை போய்விட்டுத் திரும்புவார். போனவருடைய போன் கடலோடு போய்விட்டது, ஆனாலும் சித்தி அந்த நம்பருக்கு மாசாமாசம் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தார், வேறு யாருக்கும் அந்த நம்பரைக் கொடுத்துவிடக் கூடாது என்று. ஏழு வருடம் தகவலே இல்லை என்றால்தான் இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதுவரை எந்த ஆபீஸுக்குப் போனாலும் அவர் உயிரோடு இருக்கிறவர்.

தனுஷ்கோடிக்கு வருகிறவர்கள் இடிந்த தேவாலயத்தின் முன்னால் நின்று, 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள் என்று கேட்டு உச்சுக்கொட்டுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்த ராத்திரியை மட்டும்தான் அவர்களுக்குச் சொல்கிறோம். தம்பி, உங்கள் கதையிலும் புயலை ஒரு பத்தியில் முடித்துவிட்டு மாமா வீட்டுக்குள் வாருங்கள். தயவுசெய்து அத்தையைக் கடற்கரையில் தலைவிரி கோலமாக ஓட விடாதீர்கள். அவருக்கு அன்றைக்குச் சமைக்க வேண்டியிருக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டியிருக்கும்.

தங்கச்சிமடம்_தம்பி:

அண்ணே, காக்கா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. மாமா திரும்ப வரவில்லை என்றே எழுதப் போகிறேன், உடல் கிடைக்காது. காக்கா சொன்ன சிக்கல் எனக்கும் புரிகிறது. அதனால் அத்தை காத்திருக்கட்டும், படகில் இருந்த பையன் காத்திருக்க மாட்டான், அவன் கண்ணால் பார்த்தவன், ஆனால் அவரிடம் சொல்ல வாய் வராதவன். அவனை வைத்து மீதிக் கதை நடக்கும். காற்று யோசனையைச் சொன்னதும் கூட்டாளி உடனே வேலையை ஆரம்பித்துவிட்டான்.

அக்கா, ஒன்று மட்டும் கேட்கணும். அத்தை ரேஷன் கார்டில் மாமா பெயரை எடுக்கப் போனால் என்ன கேட்பார்கள்?

பாம்பன்_மகள்:

இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள் தம்பி. அது இல்லாமல் பெயரை எடுக்க மாட்டார்கள், அதனால் அவர் பங்கு அரிசியும் வந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அத்தை தானாகப் போய்க் கேட்க மாட்டார். கொழுந்தனோ யாரோ வற்புறுத்திக் கூட்டிப்போவது போல எழுதுங்கள்.